பன்னிரண்டரை மணி இறுதி ஆட்டம்

போன கிழமை பிரியா என்று ஒரு பிள்ளை எனக்குப் போன் எடுத்தாள். கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் கூடைப்பந்துத் தொடருக்கு இப்போது அவள்தான் செயலாளர். ‘எங்கள்’ என்று எழுதிவிட்டேன், பாருங்கள். நான் ஓய்வு பெற்று எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் அந்தத் தொடரைப் பற்றிப் பேச்செடுத்தால் வாய் தன்பாட்டில் அப்படித்தான் சொல்கிறது.

அவளுடைய கேள்வி நியாயமானது. ஒவ்வொரு வருடமும் போஸ்டரில் ‘இறுதி ஆட்டம் பகல் பன்னிரண்டரை’ என்று போடுகிறார்கள். ஆட்டமோ ஒன்றரைக்குத்தான் தொடங்குகிறது. அது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் பிந்துவதால் என்கிறானாம் ஒருவன். தமிழாட்கள் தொடங்கிய தொடர் என்பதால் என்கிறானாம் இன்னொருவன். “அங்கிள், இந்த முறை போஸ்டரைக் கரெக்ட் பண்ணட்டா?” என்று கேட்டாள். அந்த இரண்டாவது காரணத்தைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. அதில் கொஞ்சம் உண்மை இருந்ததால் கோபமும் கொஞ்சம் கூடவே வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். போனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் லண்டனுக்கு, ஹவுன்ஸ்லோவுக்கு வந்து சேர்ந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். முதலில் விமான நிலையத்தில் துப்புரவு, பிறகு பெட்ரோல் ஸ்டேஷன். அந்தக் காலத்தில் வந்த எல்லோருக்கும் விதிக்கப்பட்ட வேலைகள்தான், விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு மேற்கு லண்டனில் ஒரு கல்லூரியின் விளையாட்டு மண்டபத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று கேள்விப்பட்டு நேர்முகத்துக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் டையும் கோட்டுமாக ஒரு தமிழர் இருந்தார். தனபாலன், மலேசியாவில் ஈப்போக்காரர். படிக்க வந்து, படித்து முடித்து, திரும்பிப் போக மறந்துவிட்டவர். அந்தக் கல்லூரியின் விளையாட்டுத் துறைக்கு அவர்தான் தலைவர்.

ஆங்கிலத்தில் கேட்கவேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

“யாழ்ப்பாணத்துல பாஸ்கெட்பால் ஆடியிருக்கியா?”

“ஓம் சேர், பள்ளிக்கூட ரீமிலை.”

“நல்லா ஆடுவியா?”

“இல்லை சேர்.”

“அப்ப நம்ம மேசைக்கு நீ சரியா வருவலா,” என்று மலேசிய வழக்கப்படி கடைசியில் ஒரு ‘லா’ ஒட்டிச் சொல்லி வேலையைத் தந்தார். நன்றாக ஆடத் தெரிந்தவர்களைப் புள்ளி மேசையில் இருத்தினால் ஆட்டக்காரருக்குப் புத்தி சொல்லத் தொடங்கிவிடுவார்கள் என்பது அவருடைய அனுபவம். என் வாழ்நாளில் ஒரு திறமைக் குறைவுக்காக வேலை கிடைத்தது அந்த ஒருமுறைதான்.

அந்தத் தொடரை அவர் தொடங்கியதற்குப் பெரிய இலட்சியம் ஒன்றும் கிடையாது. அக்டோபரில் கல்லூரிகள் திறந்த கையோடு அணிகள் சேரும். அதில் பாதிப் பேருக்கு மற்றப் பாதியின் பெயர் தெரியாது. லீக் ஆட்டங்கள் சூடுபிடிக்க முன்னர் நாலு கல்லூரிகளைக் கூப்பிட்டு விளையாட வைத்தால் யார் ஆட்டக்காரன், யார் காலுக்குச் சப்பாத்தை மட்டும் வாங்கியவன் என்று தெரிந்துவிடும் என்றார். மண்டபம் வேறு யாருக்கும் தேவைப்படாத வார இறுதி ஒன்றுதான் இருந்தது. அது இந்த நாட்டில் மணிக்கூடுகளைத் திருப்புகிற வார இறுதி. சனி ஆரம்ப ஆட்டங்கள், ஞாயிறு மூன்றாம் இடத்துக்கான ஆட்டமும் இறுதி ஆட்டமும்.

அக்டோபர் கடைசியில் அந்தச் சனிக்கிழமை இரவு எல்லா மணிக்கூடுகளையும் ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பவேண்டும். மறந்தவன் ஞாயிறு காலை ஒரு மணித்தியாலம் முந்தி வந்து நிற்பான். மாணவர்கள் அல்லவா, வருடாவருடம் ஏதோ ஒரு அணி மறந்துவிட்டு வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கும். முதல் வருடம் நான் இரக்கப்பட்டு, அடுத்த முறை எல்லா அணிகளுக்கும் முன்கூட்டியே ஞாபகப்படுத்துவோமா என்று கேட்டேன். தனபாலன் சேர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை.

“சொல்லிட்டா பெஞ்ச யாரு தூக்குறது?”

அப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. முந்தி வந்த அணி பெஞ்சுகளை அடுக்கவேண்டும். கோட்டும் டையும் போட்ட பயிற்சியாளர்களும் தூக்கினார்கள். அவர் மரியாதையாக, “நீங்கள் வேளைக்கே வந்துவிட்டீர்கள், ஒரு சின்ன உதவி” என்று ஆங்கிலத்தில் கேட்கிற விதத்தில் ஒருவராலும் மறுக்க ஏலாது.

மண்டபத்தில் அவருக்கென்று வேறு முறைகளும் இருந்தன. தரையை வெந்நீரில் மட்டும்தான் துடைக்கவேண்டும், சவர்க்காரம் பட்டால் பையன்கள் வழுக்கி விழுவார்கள். அந்தத் தரையில் பட்மின்டன், வலைப்பந்து, கரப்பந்து என்று எல்லா விளையாட்டுக்கும் ஒவ்வொரு நிறத்தில் கோடு இருந்தது. புது ஆட்டக்காரர்கள் எந்தக் கோடு தங்களுடையது என்று தேடுவதற்குள் பாதி ஆட்டம் முடிந்துவிடும். புள்ளி மேசையில் இருப்பவர்கள் கை தட்டக்கூடாது, சிரிக்கக்கூடாது, உச்சுக்கொட்டக்கூடாது. கைக்கடிகாரமும் கட்டக்கூடாது. காலையில் ஒரு பழைய பிஸ்கட் டின்னை நீட்டுவார், எல்லோரும் கழற்றி அதற்குள் போடவேண்டும். மண்டபத்துக்கு ஒரே நேரம், அது சுவரில் இருக்கிற பெரிய மணிக்கூட்டின் நேரம். அவர் கையில் எப்போதுமே கடிகாரம் கிடையாது.

எல்லாவற்றிலும் பெரிய சடங்கு ஞாயிறு காலையில் நடக்கும். முந்தி வந்து மாட்டுப்பட்ட அணியை வரிசையாக நிறுத்திவிட்டு, ஏணி வைத்து ஏறி, அவர்கள் கண்முன்னே அந்தச் சுவர்மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புவார். கீழே நிற்பவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அவர் மேலே நின்று ராஜா மாதிரிப் பார்ப்பார். அவ்வளவு சந்தோஷம் அந்த மனிதருக்கு.

அவருக்கு இருந்த ஒரே குறை, எங்கள் கல்லூரி தன் சொந்தக் கோப்பையை ஒருதரமும் வெல்லவில்லை. வெல்வது எங்கே, ஒவ்வொரு வருடமும் சனிக்கிழமையே தோற்று, ஞாயிற்றுக்கிழமை விருந்தினருக்குத் தேநீர் ஊற்றும். நல்ல விருந்தோம்பல் என்று மற்றக் கல்லூரிகள் பாராட்டும். அவர் சிரிப்பார், ஆனால் அந்தச் சிரிப்பு கண்வரைக்கும் போகாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் கல்லூரிக்குப் புது அதிபர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எதைக் கண்டாலும் இதனால் என்ன பயன் என்று கேட்கிற வியாதி இருந்தது. மற்றவர்களின் பிள்ளைகள் கோப்பை வெல்ல எங்கள் மண்டபத்தை ஏன் இரண்டு நாள் கொடுக்கவேண்டும் என்று கேட்டார். அந்த வார இறுதியைக் கேட்டு ஒரு கம்பள வியாபாரி வந்திருந்தான். இந்த வருடமாவது கோப்பையில் நம் பெயர் வராவிட்டால், அடுத்த வருடம் அந்த இரண்டு நாளும் கம்பளக் கண்காட்சிக்கு என்று அதிபர் சொல்லிவிட்டார்.

அந்த வருடம் பார்த்து எங்கள் அணி சனிக்கிழமை வென்றது! எதிரணியைவிட நாங்கள்தான் கூடுதலாக அதிர்ந்துபோனோம். ஞாயிறு இறுதி ஆட்டம், லண்டனின் மறுகோடியில், கிழக்கில் இருக்கிற ஒரு கல்லூரியுடன். அவர்களுடைய பயிற்சியாளர் மிஸ் கெர் என்ற ஸ்கொட்லாந்துப் பெண்மணி. நெட்டையானவர், அதிகம் பேசமாட்டார்.

அன்று மாலை மண்டபத்தைப் பூட்டும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. சேருக்கு முழங்கால் பழுது. பட்மின்டனில் உடைத்துக்கொண்டதைக் கூடைப்பந்தில் உடைத்ததாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர். அந்தக் காலோடு நாளைக்கு ஏணியில் ஏறப்போகிறாரே என்று பாவம் பார்த்து, நானே ஏறி மணிக்கூட்டைத் திருப்பிவிட்டுப் போனேன். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காலையில் வெளியே வாகனங்களுக்கு இடம் காட்டுகிற அவசரத்தில் அது மறந்தே போனது. நான் உள்ளே வருவதற்குள் சேர் வந்து, ஏணி வைத்து, முழங்காலைக் கையால் தூக்கித் தூக்கிப் படியேறி, தன் சடங்கை முடித்துவிட்டார். மணிக்கூடு ஏற்கனவே சரியான நேரத்தைக் காட்டியதை அவர் பார்க்கவில்லை. ஒரு மணித்தியாலம் திருப்பவேண்டும், திருப்பினார்.

ஆகவே எங்கள் மண்டபம் அன்று லண்டனைவிட ஒரு மணித்தியாலம் பின்னால் இருந்தது. எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. எங்கள் கடிகாரங்கள் டின்னுக்குள்.

வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டுமே என்று கேட்பீர்கள். அங்கேதான் வேடிக்கை. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் மனிதன் தன் கைக்கடிகாரத்தை நம்பமாட்டான். மூன்றாம் இடத்துக்கு ஆடவந்த இரண்டு அணிகளும் சுவரைப் பார்த்தன, கையைப் பார்த்தன, ஐயோ நாங்கள் மறந்துவிட்டோம் என்று சிரித்துக்கொண்டு பெஞ்சு தூக்கின. ஒரு நடுவர், நேற்று இரவு படுக்க முன்னர் திருப்பியது நல்ல ஞாபகம் என்று தன் மணிக்கட்டோடு கொஞ்சநேரம் வாதாடினார். பிறகு அவரும் தூக்கினார். கடைசியில் அதிபரே வந்து சேர்ந்தார். அவரும் தூக்கினார். சேருக்குப் பிடிபடாத பூரிப்பு. “இந்த வருஷம் இங்கிலாந்துல ஒருத்தனும் கடிகாரத்தத் திருப்பல போல இருக்கு சிவா!” என்றார். எனக்கு வழக்கத்துக்கு மாறாகப் பசித்தது. குளிர்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் இட ஆட்டம் முடிந்து எங்கள் பையன்கள் கூடைக்குப் பந்து போட்டுப் பழகிக்கொண்டு நிற்க, என் மனைவி மகேஸ் மேசைக்காரருக்கென்று, கறி வைத்துச் சுருட்டிப் பொரிக்கிற ரோல்ஸ் செய்து எடுத்துக்கொண்டு வந்தாள். விமான நிலையத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் அவளுக்கு இரவு ஷிப்ட். வீட்டுக்குப் போய்ப் பொரித்துக்கொண்டு நேரே வந்திருந்தாள். வந்தவள் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

“ஒரு மணியாகப் போகுது. இன்னும் தொடங்கேல்லையோ?”

நான் சுவரைக் காட்டினேன். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. நீயும் திருப்ப மறந்துவிட்டாய் என்று சொல்லி நான் சிரிக்கவும் செய்தேன்.

அவள் சிரிக்கவில்லை. “இஞ்சேருங்கோ, இராத்திரி ஒரு மணித்தியாலம் கூட நிண்டு வேலை செய்தவள் நான். எனக்கோ நேரம் தெரியாது?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மணிக்கூடு திரும்புகிற இரவில் ஷிப்ட் ஒரு மணித்தியாலம் நீளும். மற்றவர்கள் எல்லாம் அந்த ஒரு மணித்தியாலத்தைத் தூங்கிக் கழித்தவர்கள். அவள் கால் நோக நின்று கழித்தவள், அவளை ஏமாற்ற ஏலாது. சனி மாலை நான் ஏறியது ஞாபகத்துக்கு வந்தது. ஏணி இடம் மாறிக் கிடந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டது.

இன்னொன்றும் உறைத்தது. மிஸ் கெரின் அணி இன்னும் வரவில்லை. குறித்த நேரமான பன்னிரண்டரைக்குப் பிறகு கால் மணித்தியாலம் பொறுக்கலாம், அதற்கு மேலும் வராத அணி தோற்றதாகக் கணக்கு. இதுதான் விதி. சுவரின் கணக்கில் அவர்களுக்கு நேரம் தாராளமாக இருந்தது. உண்மையான கணக்கில் அந்தக் கெடு அப்போதுதான் முடிந்திருந்தது. சுவர்மணிக்கூட்டைச் சரியாக வைத்தால் கோப்பை எங்களுடையது, தொடர் பிழைக்கும், கம்பளக்காரன் வேறு இடம் பார்க்கவேண்டியதுதான்.

நான் ஓடிப்போய் அலுவலக அறையில் சேரிடம் சொன்னேன். மகேஸும் ரோல்ஸ் தட்டோடு பின்னால் வந்தாள். அவர் முழுவதையும் கேட்டார். ஒரு ரோல்ஸை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடி யன்னலூடாக மண்டபத்தையே பார்த்தார். அங்கே எங்கள் பையன்கள். முன்வரிசையில் அதிபர், தானே தூக்கிய பெஞ்சில் இருந்தார். சேரின் ஆசை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அவர் ஒரு வார்த்தை சொன்னால் நான் ஏணியைத் தூக்கியிருப்பேன். சொல்லிவிடுங்கோ சேர் என்றுதான் என் மனம் அடித்துக்கொண்டது.

“காலைலருந்து எல்லாரையும் அந்தக் கடிகாரத்த நம்ப வெச்சிட்டோம் சிவா,” என்றார். “ரெஃப்ரிய நம்ப வெச்சோம். பிரின்சிபால நம்ப வெச்சோம். இப்ப அந்தப் புள்ளைங்களுக்கு மட்டும் வேற நேரமா?”

“சேர், கோப்பை...”

“ஆடாம கெடைச்ச கப்ப எங்கலா வெக்கிறது?”

ரோல்ஸைக் கடிக்காமலே தட்டில் திருப்பி வைத்தார். அந்த மனிதர் ரோல்ஸை வேண்டாம் என்று வைத்ததை அதற்கு முன்னும் நான் காணவில்லை, பின்னும் காணவில்லை. பிறகு மகேஸிடம், தயவுசெய்து ஒருவருக்கும் நேரம் சொல்லிவிடாதே தங்கச்சி என்று கேட்டுக்கொண்டார். தானாகப் போய்ச் சொல்லமாட்டேன், யாரும் கேட்டால் பொய்யும் சொல்லமாட்டேன் என்றாள் அவள். வெளியே வந்து இருந்ததுதான் தாமதம், பக்கத்தில் இருந்த அதிபர் தன் கையைப் பார்த்துவிட்டு அவளிடமே நேரம் கேட்டார். அவள் ஆங்கிலத்தில், சுவரில் இவ்வளவு பெரிய மணிக்கூடு வைத்திருக்கிறார்களே ஐயா என்று சொல்லி ஒரு ரோல்ஸை அவர் கையில் வைத்தாள். அதற்குப் பிறகு அவர் நேரத்தைப் பற்றி யோசிக்கவேயில்லை.

கொஞ்சநேரத்தில் கதவு படாரென்று திறந்தது. மிஸ் கெரும் பையன்களும் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தார்கள். நோர்த் சர்க்குலர் வீதியில் மினிபஸ் நின்றுவிட்டதாம். முகமெல்லாம் வெளிறிப்போய் இருந்தது. எல்லாம் முடிந்தது என்றுதான் வந்திருக்கிறார்கள். மிஸ் கெர் சுவரைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். பிறகு சேரைப் பார்த்தார்.

சேர் டையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போய், “நீங்கள் வேளைக்கே வந்துவிட்டீர்கள், ஒரு சின்ன உதவி” என்றார்.

அவர்கள் சிரித்துச் சிரித்துப் பெஞ்சு தூக்கினதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். தூக்குவதற்குப் பெஞ்சு மிச்சமே இருக்கவில்லை. மற்றவர்கள் அடுக்கியதைக் கலைத்துத் திரும்ப அடுக்கினார்கள்.

ஆட்டம் சுவர்மணிக்கூட்டின்படி பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. நான் நேரக்காப்பாளர். அப்போது இருபது நிமிடமாக இரண்டு பாதி. கடைசி நிமிடம்வரை யார் பக்கம் என்று சொல்ல ஏலாத ஆட்டம். முடிவில் எங்கள் அணி ஒரு புள்ளி முன்னுக்கு, பந்து அவர்கள் கையில். எங்கள் பழைய பலகையில் நேரம் முடியும்போது ஹோர்ணைக் கையால்தான் அழுத்தவேண்டும். என் பெருவிரல் பொத்தானில். ஒரு மணித்தியாலத்தையே விட்டுக்கொடுத்த இடத்தில் ஒரு விநாடி பெரிய விஷயமா என்று மனம் கேட்டது. கொஞ்சம் முந்தி அழுத்தினால் ஒருவருக்கும் தெரியவராது. விரல் அசைய மறுத்துவிட்டது. பந்து அவர்களுடைய பையன் ஒருவனின் கையை விட்டுப் போன பிறகுதான் நேரம் முடிந்தது, அதன் பிறகுதான் நான் அழுத்தினேன். பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது.

தோற்றோம். மேசையில் உச்சுக்கொட்டக்கூடாது என்ற விதி இருந்ததால் நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். கண்ணுக்கு விதி ஒன்றும் இருக்கவில்லை, அது தன்பாட்டில் கலங்கியது. சேர் தன் கையாலேயே மிஸ் கெரிடம் கோப்பையைக் கொடுத்தார். எல்லோரும் போன பிறகு, கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வெந்நீர் வாளியை என்னிடமிருந்து வாங்கித் தரை முழுவதையும் தானே துடைத்தார். நான் தடுக்கவில்லை.

அடுத்த வருடம் எங்கள் மண்டபத்தில் கம்பளம் விரித்தார்கள். ஆனால் அதற்கு முன்னரே மிஸ் கெர் சேருக்குப் போன் எடுத்திருந்தார். தொடரைத் தங்கள் கல்லூரியில் வைக்கலாம், நீங்கள் இருவரும் வந்து நடத்தித் தரவேண்டும் என்றார். அங்கே போன முதல் வருடம் இறுதி ஆட்டத்துக்குப் பன்னிரண்டரைக்கு எல்லாம் தயார். நடுவர் விசிலை வாயில் வைத்தார். மிஸ் கெர் எழுந்து, இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது, எல்லோரும் பெஞ்சுகளைச் சரிசெய்யுங்கள் என்றார். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவர் எங்கள் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்: அன்றைக்கு மினிபஸ்ஸில் வானொலி போட்டிருந்தார்கள், ஒரு மணிச் செய்தி கேட்டபோது அவர்கள் இன்னும் பாதி வழியில். மண்டபத்துக்குள் கால் வைக்கும்போதே அவருக்கு உண்மையான நேரம் தெரியும். சுவரில் இருந்த நேரத்தையும், சேரின் முகத்தையும் பார்த்து மிச்சத்தை விளங்கிக்கொண்டாராம்.

சேர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. சேர் ஓய்வு பெற்ற பிறகும், நான் ஓய்வு பெற்ற பிறகும், வருடாவருடம் ஹவுன்ஸ்லோவிலிருந்து பாதாள ரயிலில் லண்டனைக் குறுக்கறுத்துப் போவோம். பன்னிரண்டரைக்கே போய், ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரு பெஞ்சை முன்வரிசைக்கு நகர்த்தி அதில் இருப்போம். மண்டபம் வெறிச்சென்று கிடக்கும். மகேஸ் கட்டித் தந்த ரோல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டு, “என்னா சிவா, இந்தப் பசங்க எப்பவும் லேட்டுலா” என்று அவர் அலுத்துக்கொள்வார். ஒவ்வொரு வருடமும் அதே வசனம், அதே முகபாவம். நானும் ஓம் சேர், பொறுப்பில்லாத பிள்ளையள் என்பேன். உண்மைக் காரணத்தை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்பது அவருடைய கட்டளை. சொன்னால், தான் ஏணியில் ஏறி மணிக்கூட்டைப் பிழையாக வைத்த கதையும் சேர்ந்து வெளியே வரும் என்று அவருக்குப் பயம்.

போன மாரிக் குளிரில் தனபாலன் சேர் காலமானார். எங்கள் கல்லூரியின் பெயர் அந்தக் கோப்பையில் கடைசிவரை ஏறவில்லை. அவரில்லாமல் நடக்கப்போகிற முதல் தொடர் இது.

ஆகவே பிரியா, பிள்ளை, போஸ்டரில் கை வைக்காதே. பன்னிரண்டரை என்றே இருக்கட்டும். நான் பன்னிரண்டரைக்கு அங்கே வந்துவிடுவேன், ரோல்ஸும் வரும். நீயும் ஏலுமென்றால் அந்த நேரத்துக்கே வா. பெஞ்சின் மற்றப் பக்கத்தைப் பிடிக்க இந்த வருடம் எனக்கு ஆளில்லை.